பழைய டிவி காலி செய்த இடத்தில் வந்த 4ஜி

கைப்பேசியில் 4ஜி, 5ஜி என்று தெரிந்தால், புதிய டவர் வந்துவிட்டது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். டவர் நடுவது எளிது. அதன் அலைகள் செல்ல இடம் வேண்டுமே! வட, தென் அமெரிக்க நாடுகளில் அந்த நல்ல இடத்தில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார். வீட்டுக் கூரை ஆன்டெனாவுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்த அனலாக் தொலைக்காட்சிதான் அவர்.

அலைக்கற்றை என்ற சொல் நமக்குப் புதிதல்ல. அதில் எல்லாப் பகுதியும் ஒரே தரமல்ல. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் வெகுதூரம் செல்லும், சுவரையும் ஊடுருவும். குறைந்த டவர்களைக் கொண்டே பல கிராமங்களை எட்டலாம். உயர்ந்த அலைகள் அதிகத் தகவலைச் சுமக்கும். ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். தொலைக்காட்சி டிஜிட்டலுக்கு மாறினால் ஒரு சேனலின் இடத்தில் பல சேனல்கள் அடங்கும். மிச்சமாகும் இடத்தைக் கைப்பேசிக்குக் கொடுக்கலாம். கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் பழைய பெட்டி மட்டுமே வைத்திருக்கும் ஏழை வீட்டில் ஒருநாள் காலை திரை வெறுமையாகிவிடுமே, அதற்கு யார் பொறுப்பு?

அமெரிக்கா, குடியிருந்தவர் வெளியேறும் முன்பே இடத்தை விற்றது. 2008ல் நடந்த ஏலத்தில் சுமார் 1,900 கோடி டாலர் கிடைத்தது. பழைய பெட்டியோடு இணைக்கும் கருவி வாங்க, வீட்டுக்கு இரண்டு வரை 40 டாலர் கூப்பன்களை அரசு வழங்கியது. அந்த நிதி தீர்ந்து, லட்சக்கணக்கானோர் காத்திருப்புப் பட்டியலில் நின்றார்கள். அத்தனை கோடிக்கு ஏலம் போன நாட்டில் 40 டாலர் கூப்பனுக்குத் தட்டுப்பாடு! 2009 பிப்ரவரி 17 என்று குறித்த கெடுவை நாடாளுமன்றம் ஜூன் 12க்குத் தள்ளிவைத்தது. காலியான அந்த அலைகளில்தான் 2010 டிசம்பரில் வெரைசன் நிறுவனம் 38 பெருநகரப் பகுதிகளில் 4ஜி சேவையைத் தொடங்கியது.

மெக்சிகோ வேறு விதமாகச் சூடுபட்டது. 2013 மே மாதம் எல்லை நகரமான திஹுவானாவில் அனலாக்கை நிறுத்தினார்கள். தேர்தல் நெருங்கும் வேளையில் பல வீடுகளில் படம் போனதால் சில நாட்களிலேயே மீண்டும் போட வேண்டியதாயிற்று. பிறகு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு டிஜிட்டல் தொலைக்காட்சிப் பெட்டிகளையே இலவசமாகக் கொடுத்தது. காலியான 700 மெகாஹெர்ட்ஸை ஏலத்தில் கூறுபோடாமல், மற்ற நிறுவனங்களுக்கு மொத்த விலையில் சேவை தரும் ஒரே வலையமைப்புக்கு ஒதுக்கியது. மக்களில் 92.2 சதவீதம் பேரை எட்ட வேண்டும் என்பது நிபந்தனை. 2018 மார்ச்சில் தொடங்கிய அந்நிறுவனம் கடனில் மூழ்க, 2022ல் அரசே பெரும்பங்கை ஏற்றது. எண்ணம் நல்லதுதான், ஆளில்லாத மலைப்பகுதியில் டவர் நட்டால் வருமானம் வருவதில்லையே.

நம் பார்வையில் பிரேசிலின் வழியே நியாயத்துக்கு நெருக்கமானது. 2014ல் 700 மெகாஹெர்ட்ஸை ஏலத்தில் எடுத்த நிறுவனங்களே, டிஜிட்டல் மாற்றத்தின் செலவையும் ஏற்க வேண்டும் என்று விதித்தார்கள். அரசின் உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு ஆன்டெனாவும் செட்டாப் பாக்ஸும் இலவசமாகப் போய்ச் சேர்ந்தன. ஓர் ஊரில் 93 சதவீத வீடுகள் தயாரான பிறகே அனலாக்கை நிறுத்தலாம் என்பது விதி. முதல் ஊரான ரியோ வெர்தேயில் அந்த இலக்கு எட்டாததால் 2015 நவம்பரில் நிறுத்தவில்லை. 2016 மார்ச் வரை பொறுத்தார்கள். தலைநகருக்கு வந்தபோது இலக்கைச் சற்றுத் தளர்த்தினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இடம் மாற்றும் வேலை இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவில் 2022ல் பெரிய நிறுவனங்கள் 3ஜியை மூடியபோது, பழைய கைப்பேசிகளோடு, முதியோர் கழுத்தில் தொங்கும் அவசர அழைப்புக் கருவிகளும் பழைய கார்களின் அவசரத் தொடர்பும் செயலிழக்கும் நிலைக்கு வந்தன. பிரேசிலில் 5ஜிக்கான அலைகள், கிராமத்து வீடுகளின் பெரிய டிஷ் ஆன்டெனாக்கள் வாங்கும் அலைகளுக்கு மிக அருகில் இருந்தன. 2021 ஏலத்திலும் அதே நிபந்தனையைப் போட்டார்கள்: ஏழை வீடுகளுக்குப் புதிய சிறிய டிஷ், நிறுவனங்களின் செலவில்.