மாட வீதியிலிருந்து வெள்ளித்திரைக்கு

பாபநாசம் சிவன் என்றால் நம் அம்பாசமுத்திரத்தார் பலரும் பொதிகையடிப் பாபநாசத்தையே நினைக்கின்றனர். அது தஞ்சைப் பாபநாசம். 1890இல் போலகத்தில் பிறந்த இராமையா என்பவரே பின்னாளில் சிவன் ஆனார்.

தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடியவர் அவர். மார்கழி வைகறையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை பாடி வந்தார். பஜனையில் ஒருவர் பாட, உடன் வருவோர் அதைத் திருப்பிப் பாட வேண்டும். ஆகவே, ஒருமுறை கேட்டதுமே நாவில் நிற்கும் எளிய தமிழ் அவருக்கு வசப்பட்டது என்பது என் துணிபு. இராக இலக்கணத்தை அவர் தளர்த்தவில்லை, சொல்லையே எளிதாக்கினார்.

1934இல் 'சீதா கல்யாணம்' மூலம் படவுலகில் புகுந்தார். 'அசோக் குமார்', 'சிவகவி' ஆகியவற்றுக்குப் பின், 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் சாருகேசியில் அமைந்த 'மன்மத லீலையை' பாட்டை, இராகத்தின் பெயரே அறியாதவர்களும் முணுமுணுத்தனர். ஆயினும் அதைப் 'பாகவதர் பாட்டு' என்றே இன்றும் சொல்கிறோம். பாடியவர் தியாகராஜ பாகவதர்தாம். எழுதியவரை யார் கேட்கிறார்கள்?

சங்கீத வித்வத் சபை சிவனுக்குச் 'சங்கீத கலாநிதி' பட்டம் அளித்தது 1971இல். அப்போது அவருக்கு வயது 81.