உங்களுக்குத் தெரியுமா? சருகாகிவிடும் வண்ணத்துப்பூச்சி

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ‘ப்ளூ ஓக்லீஃப்’ என்றொரு வண்ணத்துப்பூச்சி உண்டு. பறக்கும்போது கண்ணைப் பறிக்கும் நீலம். மரத்தில் உட்கார்ந்து சிறகை மூடியதுமே ஆளைக் காணோம். அந்த இடத்தில் ஒரு காய்ந்த இலைதான் இருக்கும்.

கிட்டே போய்ப் பாருங்கள். முன்சிறகின் கூர்முனை இலையின் நுனி; பின்சிறகின் சிறுவால் இலைக்காம்பு. இரண்டையும் இணைத்து நடுநரம்புபோல ஒரு கருங்கோடு ஓடுகிறது. பூஞ்சை பிடித்த புள்ளிகள்கூட விட்டுப்போகவில்லை! பழுப்பு, சாம்பல், மங்கிய மஞ்சள் எனப் பூச்சிக்குப் பூச்சி நிறம் மாறும். எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் பறவைகள் சீக்கிரம் பழகிக்கொள்ளுமே.

இதன் நெருங்கிய உறவான இன்னொரு சருகுப் பூச்சி, சுமத்ராவில் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸையே அலைக்கழித்தது. புதருக்குள் நுழைந்த பூச்சியைப் பதுங்கிப் பதுங்கித் தேடுவார், அகப்படாது. திடீரென்று அங்கிருந்தே எழுந்து பறந்து, வேறொரு புதரில் மறையும். ஒருமுறை அது வந்து உட்கார்ந்த இடத்தைச் சரியாகக் கவனித்துவிட்டார். அப்போதும், கண்ணெதிரே இருந்ததைக் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. 1869இல் வெளியான ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பூந்தேனில் ப்ளூ ஓக்லீஃபுக்கு நாட்டமில்லை. அழுகிப் புளித்த பழமும் மரப்பட்டையில் கசியும் சாறுமே ஆகாரம். புழுக்கள் வளர்வதோ குறிஞ்சி வகைச் செடிகளில். மரங்களுக்கு அடியில் புதராக மண்டிக்கிடக்கும் அந்தச் செடிகளை வெட்டி அழித்தால், இந்தப் பூச்சிக்கும் இடமில்லாமல் போகும்.