ஆடுகிற காருக்கு ஒரு குறுக்குக் கம்பி

கம்ப்யூட்டர் வாங்கியதும் வீட்டில் முதலில் கேட்பது கார் கேம்தான். பல கேம்களில் காரின் சேஸிஸ் பாறை போல வளையாமல் இருக்கும். ‘ரிக்ஸ் ஆஃப் ராட்ஸ்’ அப்படியல்ல. 2005ல் வெளிவந்து 2009ல் ஓப்பன் சோர்ஸ் ஆன இதை இலவசமாக டவுன்லோட் செய்யலாம். இதில் கார் என்பது ‘நோட்’ என்ற புள்ளிகளும் அவற்றை இணைக்கும் ‘பீம்’ என்ற கம்பிகளும்தான். ஒவ்வொரு கம்பியும் ஒரு ஸ்பிரிங். விநாடிக்கு 2,000 முறை கணக்குப் போட்டு அவற்றை நகர்த்துகிறது. எல்லா விவரமும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருப்பதால் நோட்பேடில் திறந்தே மாற்றலாம்.

நான் எழுதிய முதல் கார், கூரையில்லாத கார். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் திரும்பும். பின்பக்கம் சற்று யோசித்துவிட்டு வரும். மேடு பள்ளத்தில் சக்கரங்கள் துள்ளி, பிடிப்பை இழக்கும். ஷாக் அப்சார்பர் எண்களை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. சேஸிஸே முறுக்கிக்கொண்டு ஐந்தாவது ஸ்பிரிங்காக வேலை செய்தால் மற்ற நான்கை என்ன செய்து என்ன பயன்?

‘செட் பீம் டிஃபால்ட்ஸ்’ வரியில் கம்பியின் விறைப்பு 90,00,000 என்று இருந்தது. பின்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்து சேவ் செய்தேன். கார் திரையில் வந்ததும் நடுங்கியது, அடுத்த நொடி வெடித்துச் சிதறியது! கம்பி அளவுக்கு மீறி விறைத்தால், ஒரு கணக்கில் புள்ளியைத் தேவைக்கு மேல் தள்ளிவிடும். அடுத்த கணக்கில் அதைவிட வேகமாக இழுக்கும். அப்படியே பெருகும். அதற்குள் வேறு பல எண்களையும் மாற்றியிருந்தேன். பழையவை நினைவில்லை. இரண்டு நாள் மாலை வீண். நீங்கள் முதலில் ஃபைலை காப்பி எடுத்து வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு எண்ணில் இல்லை, அமைப்பில் இருந்தது. என் சேஸிஸ் ஒரு பெட்டி: 8 மூலை, 12 விளிம்பு. நான்கு கம்பிச் சதுரம் ஆடும். குறுக்கே ஒன்று போட்டால் நிற்கும். பெட்டிக்கு ஆறு பக்கம், ஆறு குறுக்குக் கம்பி. கூரையில்லையே என்று மேல் பக்கத்தில் மட்டும் போடாமல் விட்டிருந்தேன். ஒரு பக்கம் விட்டாலும் மொத்தப் பெட்டியும் முறுக்கும்! ‘பீம்ஸ்’ பகுதியில் இரண்டு புள்ளிகளின் எண்களை எழுதி ஒரே ஒரு வரி சேர்த்தேன். பின்பக்கம் முன்பக்கத்தோடு சேர்ந்தே திரும்பியது.

இனி ஸ்பிரிங்குகளைத் தளர்த்தலாம், சக்கரம் தரையை விடாது. 1962ல் லோட்டஸ் 25 ரேஸ் காரில் காலின் சாப்மன் செய்ததும் இதுதான்: குழாய்ச் சட்டத்துக்குப் பதில் விறைப்பான தகட்டுத் தொட்டி, மென்மையான ஸ்பிரிங். அடுத்த ஆண்டு ஜிம் கிளார்க் அதில் உலக சாம்பியன் ஆனார்.

குறுக்குக் கம்பி டிரைவர் தலைக்கு மேல் தெரிகிறதா? அந்த வரியின் கடைசியில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் மறைந்துவிடும். நிஜமான கூரையில்லாத கார்களுக்கு இந்த வசதி இல்லை. தரையையும் பக்கச் சட்டங்களையும் பலப்படுத்துகிறார்கள், எடை கூடிவிடுகிறது.