மனநல மருத்துவரிடம் முதல் நாள்



உறக்கமின்மை, காரணமற்ற அச்சம், காதில் கேட்கும் குரல்கள் ஆகியவற்றால் வாடுவோர் நம் குடும்பங்களிலும் உண்டு. தாராவிக்கு அருகே, மாநகராட்சியின் சயான் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் நாளில் நடப்பதை அறிந்தால் தயக்கம் நீங்கும்.

மருத்துவர் முதலில் பேசவே செய்வார். உறக்கம், பசி, வேலை, மது, குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்ததா என விசாரிப்பார். சாக வேண்டுமென்று தோன்றியதுண்டா என்றும் கேட்பார். மறைக்க வேண்டாம். எலியா சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டியபோது தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. போஜனம் பண்ணச் சொன்னான்.

தைராய்டு கோளாறும் மனச்சோர்வை உண்டாக்கும். ஆகவே இரத்தப் பரிசோதனை எழுதித் தரலாம். பழைய மருந்துச் சீட்டுகளையும், இந்தியோ மராத்தியோ நன்கு பேசும் உறவினர் ஒருவரையும் உடன் கொண்டு செல்லுங்கள். மருத்துவரிடம் தனியே பேசவும் கேட்கலாம். மனச்சோர்வு மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும், தாமாக நிறுத்தலாகாது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மூண்ட தீயில் 28 மனநோயாளர் மாண்டனர். குணமாகுமென்று குடும்பத்தார் கொண்டுபோய் விட்டவர்கள் அவர்கள்; சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. நோயாளியின் இரகசியத்தையும் காக்கிறது.

நேரில் செல்லுமுன் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பவுலோடு பிரயாணம் செய்த லூக்காவும் வைத்தியனே. ஜெபிப்போம், நோயுற்றவரை மருத்துவரிடமும் கைபிடித்து அழைத்துச் செல்வோம்.