தடுப்பூசிக்கும் ஒரு துணை

மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியை அறியாத தமிழர் அப்பகுதியில் இலர். 1963இல் இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டமாக அங்கே எழுந்த கால்நடைப் பண்ணை, பெயருக்கு ஏற்ற பண்ணைதான். அவ்வூருக்கும் இன்ஃப்ளுயன்ஸாவுக்கும் யாது தொடர்பு என நேயர்கள் வினவலாம். 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவைப் பசுக்களிடம் பறவைக் காய்ச்சல் வைரஸ் காணப்பட்டது. பண்ணையாட்கள் சிலரையும் அது தொற்றியது. மாட்டுப்பட்டி மாடுகளுக்கு அத்தீங்கு நேர்ந்ததென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் மாட்டோடு வாழும் மக்கள் அறியவேண்டிய செய்தி இது.

இவ்வைரஸ் அடிக்கடி உருமாறுவது. முட்டையில் வளர்த்துத் தடுப்பு மருந்து செய்ய ஏறத்தாழ ஆறு மாதம் ஆகிறது. டி.என்.ஏ. தடுப்பூசி விரைவில் ஆயத்தமாகும். அதில் வைரஸ் இல்லை; அதன் புரதம் ஒன்றைச் செய்வதற்குரிய குறிப்பு மட்டுமே உண்டு. நம் உயிரணுக்கள் அதைப் படித்துப் புரதத்தைச் செய்ய, உடலின் காவற்படை அதனை அடையாளம் கண்டுகொள்கிறது. 1993இல் எலிகளை இம்முறை இன்ஃப்ளுயன்ஸாவிலிருந்து காத்தது. மனிதரிடத்திலோ பயன் குறைவாயிற்று. குறிப்பு உயிரணுவின் கருவரை செல்லவேண்டும். சில அணுக்களே அதை ஏற்கின்றன. புரதம் சிறிதளவே தோன்றுவதால் காவற்படை விழிப்பதில்லை.

விழிக்கச் செய்வது எவ்வாறு? பிரெஞ்சு கால்நடை மருத்துவர் ராமோன் 1920களில் ஒன்றைக் கவனித்தார். தொண்டை அடைப்பான் நோய்க்கு மாற்று மருந்து எடுக்க ஊசியிட்ட குதிரைகளில், ஊசி இட்ட இடத்தில் கட்டி கண்டவையே மிகுந்த எதிர்ப்பொருளைத் தந்தன. எனவே அவர் மருந்தோடு வேண்டுமென்றே மரவள்ளி மாவைச் சேர்த்தார். மலையாள நாட்டார் கப்பை என்று உண்ணும் அதே மரவள்ளிதான்! பலனும் கிடைத்தது. 1926இல் படிகார உப்பு அவ்விடத்தைப் பெற்றது.

இன்று ஆய்வாளர் நாடுவது இன்னும் நுட்பமான துணை. காவல் அணுக்களை அழைக்க உடலே இன்டர்லூக்கின்-12 போன்ற தூதுப் புரதங்களைச் சுரக்கிறது. அதன் ஜீனையும் தடுப்பூசியோடு அனுப்பினால், வைரஸ் புரதம் தோன்றும் இடத்திலேயே அபாய அறிவிப்பும் தோன்றும். அளவு மிஞ்சினால் வீக்கமும் காய்ச்சலும் வரும். ஆகவே அளவறிதலே இதில் பெருவேலை.

2021 ஆகஸ்டில் அகமதாபாத் ஸைடஸ் நிறுவனத்தின் கொரோனா டி.என்.ஏ. தடுப்பு மருந்துக்கு இந்தியா அவசர அனுமதி அளித்தது. மனிதருக்கென உலகில் அனுமதி பெற்ற முதல் டி.என்.ஏ. தடுப்பு மருந்து அதுவே. ஊசியின்றித் தோலில் பாய்ச்சினர். ஆனால் மூன்று தவணை தேவைப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்கு மூன்று தவணை என்பது மூன்று நாள் கூலியைப் பற்றிய கேள்வியும் ஆகும். தக்க துணை சேர்ந்து தவணை குறையுமாயின், மலையேறிச் செல்லும் மருந்து அங்குள்ளோர் அனைவரையும் எட்டும்.