தட்டினால் கணீரென்றாலும் வேலை பாக்கி

குன்னத்தூரிலிருந்து தெற்கே பல்லடம், உடுமலைப் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் காற்றாலைகள். அவற்றில் பல, பனியன் கம்பெனிகளுக்குச் சொந்தமானவை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் அந்த இறக்கைகள் முக்கியமாகக் கண்ணாடி இழையும் எபாக்ஸி அல்லது பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்தவை.

எபாக்ஸி ரெசினில் ஹார்டனரைக் கலந்ததும் இரண்டின் மூலக்கூறுகளும் பிணைந்து முப்பரிமாண வலையாகின்றன. பனியன் துணியில் ஒரு லூப் அறுந்தால் வரிசையாகப் பிரிந்து வரும். இந்த வலை பிரியாது. சூடேற்றினால் உருகாது, கருகத்தான் செய்யும். பிக்மென்ட் பிரிண்டுக்கு 150 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் க்யூரிங் கொடுக்கிறார்களே, அங்கே நிறத்தைத் துணியோடு ஒட்டவைக்கும் பைண்டருக்குள் நடப்பதும் இவ்வகைப் பிணைப்புதான்.

இந்த வினை வெப்பத்தைக் கக்கும். கலந்த ரெசினை டப்பாவிலேயே விட்டுவைத்தால் சூடு உள்ளே தேங்கும். சூடு வினையை விரட்டும், வினை மேலும் சூடேற்றும், கடைசியில் டப்பாவே புகையலாம். அதையே தட்டில் மெலிதாகப் பரப்பினால் நெடுநேரம் இளக்கமாக இருக்கும். இறக்கையோ அடிப்பக்கம் மிகத் தடிமன், ஓரத்தில் மெலிசு. ஒரே மோல்டுக்குள் ஓரிடம் கொதிக்கும்போது இன்னோரிடம் பச்சையாகக் கிடக்கும். அதனால்தான் மோல்டின் சூட்டைப் பகுதி பகுதியாகக் கட்டுப்படுத்துகிறார்கள். சித்திரை வெயிலில் இன்னும் கவனம் தேவை: தோராயமாக 10 டிகிரி ஏறினாலே வேலைக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகிவிடும்.

சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றக் கூடாது. எபாக்ஸியில் ஹார்டனரும் வலையின் அங்கம்; மிஞ்சியது இணை கிடைக்காமல் உள்ளேயே தங்கிப் பலத்தைக் கெடுக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸியைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஆனால் வினை முடிந்திருக்காது. வலை நெருங்க நெருங்க, மிச்ச மூலக்கூறுகள் நகர இடமின்றி நின்றுவிடுகின்றன. அவை சேர மறுபடி சூடு வேண்டும். ஆகவே பல எபாக்ஸி இறக்கைகளை 70, 80 டிகிரியில் சில மணி நேரம் வைக்கிறார்கள். அவசரத்தில் இதைக் குறைத்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குறைந்த சூட்டிலேயே பொருள் இளகத் தொடங்கும். சிறு துண்டை ஆய்வகத்தில் சூடேற்றிப் பார்த்தால், மிச்ச வினை வெளியிடும் வெப்பம் காட்டிக்கொடுத்துவிடும்.

உருகாத குணமே பின்னாளில் தொல்லை. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கத் தமிழக அரசு 2024-இல் கொள்கை வெளியிட்டது. அப்படிப் புதுப்பிக்கும்போது கழற்றும் இறக்கைகளை உருக்கி வார்க்க வழியில்லை. சிமென்ட் சூளையில் போட்டால் ரெசின் எரிபொருளாகும், கண்ணாடி சிமென்ட்டோடு சேரும். மிதமான அமிலத்தில் பிரியும் ரெசினால் ஆன இறக்கையை 2021-இல் சீமென்ஸ் கமேசா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் பழைய இறக்கைகளுக்கு அது உதவாது.