மலைக்குளிரில் மருதாணி

மருதாணி வெயிலில் வளர்கிற செடி. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில், மழை குறைந்த சோஜத் பகுதியில், அது வயல் வயலாக விளைகிறது. 2021-இல் சோஜத் மருதாணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போதுதான் இலையில் சாயம் நன்றாக ஏறும். குளிர் 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் செடியே பட்டுவிடும். ஊட்டியின் தலைகுந்தாவிலும் காந்தலிலும் மார்கழி, தை மாதங்களில் புல் மேல் உறைபனி படியும். அந்த ஊட்டியில் இது வேலியோரம் தழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இலையோ பொடியோ கீழிருந்து வாங்கிவந்தாலும் சிக்கல் தீராது. குளிரில் சாயமும் சுணங்கும். மேட்டுப்பாளையத்தில் செக்கச்செவேலென்று பிடிக்கிற அதே மருதாணி, ஊட்டியில் ஓர் இரவு முழுக்கக் கையில் இருந்தும் வெளிறிய ஆரஞ்சாக நிற்பதுண்டு. பழியைப் பொடியின் மேல் போட்டுவிட்டு, அடுத்த முறை "உடனடிக் கறுப்பு" கோனைத் தேடிப் போகிறார்கள். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

மருதாணியின் சாயத்துக்கு லாசோன் என்று பெயர். உலர்ந்த இலையின் எடையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பங்குதான் தேறும். பச்சை இலையில் அது லாசோனாகவே இருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்த வேறொரு பொருளாக இருக்கிறது. அம்மியில் அரைபடும்போது செல்கள் உடைகின்றன. இலையிலேயே இருக்கும் நொதி சர்க்கரையைக் கழற்றிவிட, காற்றுப் பட்டு லாசோன் உருவாகிறது. புளியோ எலுமிச்சம்பழச் சாறோ சேர்ப்பது அந்த லாசோன் சீக்கிரம் வீணாகாமல் காக்கத்தான். இந்த வேலை எல்லாமே வெப்பத்தைப் பொறுத்தது. சமவெளிக் கோடையில் சில மணி நேரத்தில் சாயம் விடுகிற பொடிக் குழம்புக்கு ஊட்டி டிசம்பரில் ஒரு நாள் முழுக்கப் போதாமல் போகலாம். குழம்பின் மேற்பரப்பு பழுப்பேறி, கிளறினால் உள்ளே பச்சையாகத் தெரிந்தால் சாயம் விட்டுவிட்டது என்று பொருள். அதுவரை கிண்ணத்தை மூடி அடுப்பு மேடையருகே கதகதப்பில் வைப்பது நல்லது. கொதிக்கும் நீரை மட்டும் ஊற்றக் கூடாது.

தேயிலை ஊரில் தண்ணீருக்குப் பதில் டிகாக்‌ஷன் ஊற்றிக் குழைப்பவர்கள் நிறைய. ஆறிய டிகாக்‌ஷனால் கெடுதல் இல்லை, லேசான புளிப்புத்தன்மை உதவவும் செய்யும். ஆனால் தோலில் சிவப்பாக நிற்பது லாசோன்தான். அந்த நிறத்தில் தேயிலைக்குப் பெரிய பங்கில்லை.

தேயிலைக்கென்று தனிக் கறை ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்களில் ஏறும் கருமை, சோப்புக்கு எளிதில் போகாது. கொழுந்தின் சாற்றிலுள்ள கேட்டசின்கள் காற்றுப் பட்டுக் குயினோன்களாக மாறுகின்றன. லாசோனும் குயினோன் குடும்பத்தைச் சேர்ந்ததே. இரண்டுமே தோலின் புரதத்தோடு பிணைந்துகொள்ளக் கூடியவை. ஒன்றை உழைப்பு ஏற்றுகிறது, மற்றொன்றை நாமே விரும்பி ஏற்றிக்கொள்கிறோம்.

லாசோன் ஒட்டுவது தோலின் மேலடுக்கில், உயிரற்ற செல்களில் நிறைந்திருக்கும் கெரட்டினோடு. உள்ளங்கையிலும் பாதத்திலும் அந்த அடுக்கு மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தடிப்பு. அதனால்தான் உள்ளங்கை கருஞ்சிவப்பாகும்போது முழங்கை ஆரஞ்சோடு நின்றுவிடுகிறது. காய்ப்பேறிய உழைப்பாளியின் உள்ளங்கை மருதாணியை ஆழமாக வாங்கும். செடியில் உரசிக்கொண்டே இருக்கும் விரல்நுனியில் மட்டும் அது முதலில் வெளுக்கும். மேலடுக்கு உதிர உதிர நிறமும் போய், ஒன்றிரண்டு வாரத்தில் கை பழையபடி ஆகிவிடும்.

"சூட்டு உடம்புக்கு நன்றாகப் பிடிக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இளஞ்சூடான தோலில் சாயம் வேகமாக ஊடுருவும். சில்லிட்ட கையில் அது மந்தம். தேயிலைத் தோட்ட லைன் வீட்டு விறகடுப்பின் முன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்வதும், கிராம்பைக் கல்லில் வறுத்துப் புகை காட்டுவதும் இதற்குத்தான்.

இனி மலையின் சொந்தச் சரக்கு. கேப்டன் காட்டன் 1843-இல் நீலகிரிக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் யூகலிப்டஸ் மரத்தின் தைலத்தை இன்றும் இங்கே இலையை வேகவைத்து இறக்குகிறார்கள். அதில் பெரும்பகுதி சினியோல். தோலின் மேலடுக்கைத் தளர்த்தி மற்றப் பொருள்களை உள்ளே விடும் தன்மை அதற்கு உண்டு என்பது மருந்தியலில் நன்றாக ஆராயப்பட்ட செய்தி. குழம்பில் சில துளி நீலகிரித் தைலம் விடும் வழக்கம் அர்த்தமுள்ளதே. சிறு குழந்தைகளுக்கு மட்டும் தைலம் வேண்டாம்.

கைக்குழந்தைகளுக்கு மருதாணியே வேண்டாம் என்பேன். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு, மருதாணி பூசிய பின் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்து வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. குறைபாடு இருப்பது பெற்றோருக்கே தெரியாமலிருக்கலாம்.

கறுப்புக் கோனுக்கு வருவோம். அரை மணியில் கரேலென்று பிடிக்கிற எதுவும் வெறும் மருதாணி அல்ல. இலை தரும் நிறம் ஆரஞ்சிலிருந்து கரும்பழுப்பு வரைதான். அந்தக் கறுப்பு பெரும்பாலும் தலைச்சாயத்தில் சேரும் பாரா ஃபினிலின் டையமின். அமெரிக்காவில் இதைத் தோலில் பூசும் பொருளில் சேர்க்க அனுமதி இல்லை. கோலம் போட்ட வரிகளிலேயே கொப்புளம் கிளம்பித் தழும்பாக நிற்கலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்கத் தொடரக் கூடும். பல ஆண்டு கழித்துத் தலைக்குச் சாயம் பூசும் நாளில் முகம் வீங்கலாம். கூடுதல் விலை கொடுத்து இதை மணப்பெண்ணின் கையில் பூசுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நல்ல மருதாணி கேட்பது நேரம் ஒன்றைத்தான். உதிர்த்தவுடன் ஆரஞ்சாகத் தெரியும் நிறம், காற்றின் ஆக்சிஜனால் இரண்டு நாளில் கருஞ்சிவப்பாகும். உதிர்த்த பின் அரை நாளாவது தண்ணீர் படாமல் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். ஊட்டியில் ஞாயிறு காலை முகூர்த்தம் என்றால் புதன் இரவே பொடியைக் குழைத்துக் கதகதப்பில் வைத்துவிடுங்கள். வியாழன் இரவு போட்டு, கையைத் துணியால் சுற்றிக் கம்பளிக்குள் வைத்துத் தூங்கி, வெள்ளி காலை உதிர்த்தால் சரியாக இருக்கும்.